சந்தாக் காசும் கணினிக்குள் இருக்கும் பெயர்களும்

(ஹட்டனில் நடைபெற்ற தோட்டத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் காரியாலயக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக 'கணினி மென்பொருள் செலவு' என்று போட்டிருக்கிறது. அந்த இடம் வந்ததும் பின் வரிசையில் சில பேர் வெற்றிலையை மடிக்கத் தொடங்கியது தெரிகிறது. சம்பளம், கொழுந்து நிறை, வீடு, காணி என்று பேச வேண்டிய நேரத்தில் இது எதற்கு என்று நீங்கள் நினைப்பது நியாயந்தான். ஆனால் இந்தச் செலவு உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் சந்தாவிலிருந்து போகிறது. அந்தக் கணினிகளுக்குள் இருப்பதும் உங்கள் பெயர்தான். அதனால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துக் கேளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். அங்கத்தவர் பதிவேடு இருக்கிறது. அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், தொலைபேசி இலக்கம் இருக்கின்றன. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று அலைகிறவர்களுக்காகத் தொழில் திணைக்களத்துக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஓய்வு பெற்றவர்களின் சேவைக்காலப் பணக் கணக்கு, தொழில் நியாயசபையில் நடக்கும் வழக்குகளின் ஆவணங்கள், இந்தச் செய்திமடலின் பழைய இதழ்கள், எல்லாம் அதற்குள்தான். ஒரு அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்ததற்கான கணக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது, அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்பது சங்க வேலைதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? காரியாலயத்தில் மூன்று கணினிகள் இருக்கின்றன. ஒன்று புதியது, விண்டோஸ் 11 உடன் வந்தது. மற்ற இரண்டும் விண்டோஸ் 10இல் ஓடுகின்றன. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. கணினி நின்றுவிடாது, நாளைக்கும் ஓடும். ஆனால் இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. விண்டோஸ் 11ஐ அந்த இரண்டிலும் போட வழியில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப் வேண்டும் என்பது விதி. எங்களிடம் உள்ளவை அதற்கு முந்தியவை. ஆகவே ஏதாவது ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும்.

முடிவுக்குப் போவதற்கு முன்னால் 'லைசன்ஸ்' என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. கடையில் காசு கொடுத்து மென்பொருள் வாங்கினால் அது நமக்குச் சொந்தம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. நாம் வாங்குவது பாவிக்கும் அனுமதியை. சொந்தக்காரர் அந்தக் கம்பனிதான். உங்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. லயத்துக் காம்பராவில் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம், அடுப்பு கட்டினோம், சுவருக்கு வெள்ளை அடித்தோம், முன்னால் ஒரு தட்டிப் பந்தலும் போட்டோம். ஆனால் உறுதி யார் பெயரில்? உறுதிக்கும் அனுமதிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை.

மென்பொருள் அனுமதியில் பல ரகம் உண்டு. கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ், காம்பரா தோட்டத்தோடு ஒட்டியிருப்பது போல அந்த இயந்திரத்தோடு ஒட்டியது. இயந்திரம் செத்தால் அதுவும் சேர்ந்து போகும், வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது. தனியாகப் பெட்டியாக வாங்கும் அனுமதியைப் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதில் போடலாம். மூன்றாவது, இப்போது எல்லாக் கம்பனிகளும் தள்ளிக்கொண்டு வரும் மாதச் சந்தா முறை. கட்டும் வரைக்கும் இருக்கலாம். நிறுத்தினால் கதவு சாத்தப்படும். மைக்ரோசொஃப்ட் 365இல் சந்தா முடிந்தால் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அச்சடிக்கலாம். திருத்த முடியாது, புதிதாக எழுத முடியாது. அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் வைத்தவை ஒரு தவணைக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிடும்.

இனி விலை. டொலரில் சொன்னால் யாருக்கும் ஏறாது. அதனால் நாங்கள் 'பேர்' கணக்கில் போட்டுப் பார்த்தோம். ஒரு பேருக்கு 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா. டொலரை 300 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டின் அமெரிக்க விலைப்பட்டியல்தான் அடிப்படை. இங்கே விற்பவரின் இலாபமும் 18 வீத வற் வரியும் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

சிறு காரியாலயத்துக்கான ஒபிஸ் 2024 ஒரேயடியாக வாங்கினால் ஒரு கணினிக்கு 249 டொலர் 99 சதம். ஏறக்குறைய 75,000 ரூபா. 55 பேருக்கு மேல். மூன்று கணினிக்கும் வாங்கினால் ஒரு தொழிலாளி 166 நாள் மலையேறி இறங்கிய கூலி. மாதச் சந்தா முறையில், காரியாலயத்தில் எழுதும் மூன்று பேருக்கு ஆளுக்கு மாதம் 12 டொலர் 50 சதம். வருடத்துக்கு 450 டொலர், 135,000 ரூபா. சரியாக 100 பேர். ஒவ்வொரு வருடமும் 100 பேர்.

விலைகூட அல்ல, எங்களை அதிகம் பயமுறுத்தியது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. அதே 450 டொலர் கட்டணம் 90,000 ரூபாவிலிருந்து 162,000 ரூபாவாக ஆகியிருக்கும். நம்முடைய சந்தா ரூபாவில் வருகிறது. அந்த நேரத்தில் மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற சனத்திடம் போய், டொலர் ஏறிவிட்டது, சந்தாவைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்க முடியுமா? ரூபாவில் வருமானம் உள்ள ஒரு சிறு சங்கம், டொலரில் முடிவில்லாமல் கட்டும் ஒப்பந்தத்தில் தலையைக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம்.

விண்டோஸ் 10க்கே காசு கட்டித் திருத்தங்களை வாங்கலாமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வாங்கலாம். நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டொலர். அடுத்த வருடம் அது இரட்டிப்பு, மூன்றாம் வருடம் மறுபடி இரட்டிப்பு, அதோடு முடிந்தது. இரண்டு பழைய கணினிக்கும் மூன்று வருடத்துக்கு 256,200 ரூபா, 190 பேர் அளவு. அந்தக் காசுக்கு அதைவிட நல்ல கணினியே வாங்கிவிடலாம்.

இனி எல்லார் மனத்திலும் இருக்கிற கேள்விக்கு வருகிறோம். "இதெல்லாம் எதற்கு ஐயா? டவுனில் கடைக்காரப் பையனிடம் கொடுத்தால் சில்லறைக் காசுக்கு எல்லாம் போட்டுத் தருவானே!" போட்டுத் தருவான். இந்த நாட்டில் எத்தனையோ சின்னக் காரியாலயங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. யாரையும் குறை சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. ஆனால் சங்கக் காரியாலயத்துக்கு அது சரிவராது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்துகொண்டே வியாபார இலாபத்துக்காக அதைப் பாவித்தால் 500,000 ரூபா வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சங்கம் வியாபாரமா என்று ஒரு சட்டத்தரணி வாதாடலாம். நன்றாகவே வாதாடலாம். அந்த வாதத்துக்குக் கட்டும் பீசில் மூன்று கணினிக்கும் லைசன்ஸ் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று. நாம் துரையின் மேசைக்கு முன்னால் நின்று, 'சட்டப்படி கொடு, வர்த்தமானிப்படி கொடு' என்று கேட்கிறவர்கள். சேமலாப நிதி கட்டாத முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்கிறவர்கள். கம்பனிக்காரரின் சட்டத்தரணி திரும்பி, 'உங்கள் கடிதமே திருட்டு மென்பொருளில் அடித்ததுதானே' என்று சிரிக்க ஒரு வாய்ப்பை நாமே கையில் கொடுக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி நாம் வருடாவருடம் கணக்காய்வு செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்புகிறோம். அந்தக் கணக்கில் பற்றுச்சீட்டு இல்லாத செலவுக்கு இடமில்லை.

பாதுகாப்பும் இருக்கிறது. பூட்டு உடைத்த மென்பொருளைப் போடும்போது அந்தக் கடைக்காரர் முதலில் செய்வது என்ன தெரியுமா? வைரஸ் தடுப்பை நிறுத்துவது. நிறுத்தாவிட்டால் பூட்டு உடைக்கும் கருவி உள்ளே போகாது. காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போல. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ் ரகத்தில் 'ஸ்டொப்' என்று ஒன்று உண்டு. அது உலகம் முழுக்கப் பரவியதே பெரும்பாலும் இப்படி உடைத்த மென்பொருள்கள் மூலமாகத்தான். கணினி போனால் வேறு வாங்கலாம். முப்பது வருடச் சேவைக்குச் சாட்சியாக இருக்கும் கோப்பு போனால் எங்கே போய் வாங்குவது? அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பைத்தான் பேசுகிறது. சட்டம் வராவிட்டாலும் அது நம் பொறுப்புத்தான்.

இணையத்தில் பத்து டொலருக்கு 'ஆயுட்கால லைசன்ஸ்' என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் பல, ஏதோ ஒரு பெரிய நிறுவனம் மொத்தமாக வாங்கிய சாவியைச் சில்லறையாகப் பிரித்து விற்பவை. இன்றைக்குத் திறக்கும். கம்பனி கண்டுபிடித்தால் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். யாருடைய ஆயுட்காலம் என்று விற்பவர் சொல்வதில்லை.

அப்படியானால் காசும் அதிகம் போகாமல், திருடவும் செய்யாமல் வழி உண்டா? உண்டு. ஆனால் 'இலவசம்' என்ற சொல்லில் கவனம் வேண்டும். இலவசத்திலும் இரண்டு ரகம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தூரத்திலிருந்து கணினியைத் திருத்தும் மென்பொருள்கள் தனிப்பட்ட பாவனைக்கு மட்டுந்தான் இலவசம். காரியாலயத்தில் பாவித்தால் அனுமதி மீறல். வின்ரார் 40 நாள் பரீட்சைக்குத் தருகிறது; அதற்குப் பிறகு காசு கட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நின்றுவிடாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் எல்லாரும் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுப் பாவனைக்கு என்று விற்கும் ஒபிஸ் ரகமும் விலை குறைவு என்பதற்காகக் காரியாலயத்தில் போடக்கூடியதல்ல. வாங்கும்போது பெட்டியில் உள்ள விலையைப் பார்ப்பதற்கு முன்னால் 'யார் பாவிக்கலாம்' என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற ரகந்தான் கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும், வீட்டிலோ காரியாலயத்திலோ கம்பனியிலோ, எத்தனை கணினியிலும் போடலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கொடுப்பது குற்றமல்ல, அனுமதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. காம்பரா உவமையில் சொன்னால் இது பொது ஊற்றுத் தண்ணீர் மாதிரி. லிப்ரே ஒபிஸ் அந்த ரகம். 2010இல் தொடங்கிய அறக்கட்டளை ஒன்று அதைப் பராமரிக்கிறது. கடிதம் எழுதலாம், கணக்கு அட்டவணை போடலாம், வேர்ட், எக்செல் கோப்புகளையும் திறந்து திருத்தி அதே வடிவில் சேமிக்கலாம். கட்டளைகளைத் தமிழிலேயே பார்க்கவும் முடியும். வின்ராருக்குப் பதிலாக செவன் சிப். வைரஸ் தடுப்புக்கு விண்டோஸ் கணினியில் கூடவே வரும் டிஃபென்டர் போதும். தனியாக வாங்க வேண்டியதில்லை.

அந்த இரண்டு பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போடலாம் என்பது எங்கள் யோசனை. அதுவும் கட்டற்றது. மின்ட் 22 பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். விண்டோஸ் 11 வேண்டாம் என்று தள்ளிய இயந்திரத்தில் அது தாராளமாக ஓடுகிறது. பென்ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். காரியாலய அச்சு இயந்திரத்தையும் ஸ்கேனரையும் தானாகவே பிடித்துக்கொண்டது. எல்லா அச்சு இயந்திரமும் இப்படிப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே யாராவது இதைப் பின்பற்றுவதாக இருந்தால் உள்ளே போடுவதற்கு முன் பென்ட்ரைவில் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது பாமினி விடயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் லைசன்ஸ் காசைவிட இது நமக்குப் பெரிய தலையிடி.

காரியாலயத்துப் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பழைய செய்திமடல்கள் பேஜ்மேக்கரில், அதே பாமினியில் செய்தவை. நம் நாட்டில் தமிழ் அச்சடித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழி. பாமினி என்ன செய்கிறது என்றால், ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி போடுகிறது. 'அம்மா' என்று நீங்கள் அடித்தால், கணினி உள்ளே எழுதி வைப்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச். பாமினி உள்ள கணினியில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத கணினியில், உங்கள் போனில், தொழில் திணைக்களத்து உத்தியோகத்தரின் கணினியில், அந்த எம்மும் கேயுந்தான் தெரியும். பெயரைப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. ஒரு அங்கத்தவரின் பழைய கடிதத்தை எடுக்க, பெயரால் தேட முடியாமல் வருடம் வருடமாகக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பேஜ்மேக்கரைக் கம்பனி கைவிட்டு எத்தனையோ வருடம். 2001இல் வந்த ஏழாம் பதிப்புத்தான் கடைசி. இன்றைய கணினிகளில் அதை ஓட்டுவதே பெரும்பாடு.

இதற்கும் லைசன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இதுதான்: ஒரு மென்பொருளை நாம் விடுகிற நாளில் நம் கடிதங்கள் நம்மோடு வருமா, அங்கேயே மாட்டிக்கொள்ளுமா? அந்தக் கேள்வியை வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டும். பேஜ்மேக்கரில் மாட்டிக்கொண்ட இதழ்கள் அந்தக் கம்பனியின் பூட்டுக்குள் இருக்கின்றன. லிப்ரே ஒபிஸ் சேமிக்கும் திறந்த வடிவம் எப்படி எழுதப்படுகிறது என்பது உலகத்துக்கே பகிரங்கமாக வெளியிடப்பட்ட ஒன்று. நாளைக்கு லிப்ரே ஒபிஸே இல்லாமல் போனாலும் வேறொருவர் அதைத் திறக்கும் கருவி செய்ய முடியும்.

ஆகவே இனிமேல் காரியாலயத்தில் எல்லாம் யுனிகோடில்தான். எழுத்துருவுக்குக் காசு வேண்டாம். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் கட்டற்றவை, அச்சுக்கும் அழகாக இருக்கின்றன. செய்திமடல் பக்கம் கட்டுவதற்கு ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. இப்போதைய பதிப்பில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் உண்டு. மாற்றிய பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து வாசித்துத் திருத்தத்தான் வேண்டும். ஆங்கிலமும் தமிழும் கலந்த பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் தமிழாகி, அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் உள்ள 'வி'கூட வேறு எழுத்தாகிவிடும். அதைத் திருத்தாமல் அனுப்பினால் பெயர் மாறாட்டத்துக்கு மேல் இலக்க மாறாட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்கிறோம். பதினைந்து வருடமாக ஒரே விதத்தில் அடித்துப் பழகியவர்களுக்குப் புதிய திரை முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். முதல் மாதம் வேலை மெதுவாகத்தான் நடக்கும். கம்பனிகள் அனுப்பும் எக்செல் கோப்புகளில் சில, உள்ளே தானியங்கிக் கட்டளை வைத்தவை, லிப்ரே ஒபிஸில் முழுதாக வேலை செய்யாது. வெளியிலிருந்து வரும் வேர்ட் கடிதத்தில் சில வேளை பக்கம் கொஞ்சம் இடம் மாறும். இதற்காக மைக்ரோசொஃப்ட் இணையத்தில் தரும் இலவச வேர்ட், எக்செல் இருக்கின்றனவே என்றால், அங்கத்தவர் விபரங்களை அங்கே ஏற்ற எங்களுக்கு மனமில்லை. மூன்று மாதம் பார்ப்போம். உண்மையிலேயே முடியாது என்றால் புதிய கணினிக்கு மட்டும் ஒரே ஒரு ஒபிஸ் லைசன்ஸ், காலவரையறை இல்லாதது, பற்றுச்சீட்டோடு வாங்குவோம். 55 பேர். மூன்றுக்கும் தேவையில்லை.

தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிய கம்பனிகள் கழிவு விலையில் தருகிறார்களே என்று ஒரு தலைவி கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கழிவுகள் பதிவு செய்த தொண்டு நிறுவனங்களுக்கு உரியவை. நாம் பதிவு செய்த தொழிற்சங்கம், தொண்டு நிறுவனம் அல்ல. நம்மை வேறொன்றாகக் காட்டிக் கழிவு வாங்கினால் அதுவும் பொய் அனுமதிதான். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஆக இந்தக் கூட்டத்திடம் நாங்கள் கேட்பது இது. பழைய இரண்டிலும் லினக்ஸ் மின்ட், மூன்றிலும் லிப்ரே ஒபிஸ். புதியதில் அதோடு வந்த விண்டோஸ் 11 அப்படியே இருக்கட்டும். லைசன்ஸ் செலவு இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ரூபாவும் செலவில்லை என்று நினைக்க வேண்டாம். நகல் எடுத்து வைக்க இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும்; ஒன்று காரியாலயத்தில், ஒன்று பொருளாளரின் பொறுப்பில் வேறு இடத்தில். காரியாலயத்தில் எழுதுகிறவர்களுக்குப் பயிற்சிக்கு ஆள் கூப்பிட வேண்டும். அவருக்குப் போக்குவரத்தும் கூலியும் கொடுக்க வேண்டும். மென்பொருள் இலவசம் என்பதற்காகப் படிப்பிக்கிறவரின் உழைப்பும் இலவசம் என்று ஒரு தொழிற்சங்கம் சொல்ல முடியாதல்லவா.

கடைசியாக வீட்டு விடயம் ஒன்று. உயர்தரம் படிக்கிற பிள்ளைக்காக நகையை அடகு வைத்து மடிக்கணினி வாங்கிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அதில் விண்டோஸ் ஒழுங்கானதா என்று பார்க்க, பிள்ளையிடம் சொல்லி 'செட்டிங்ஸ்' உள்ளே 'அக்டிவேஷன்' என்ற இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 'டிஜிட்டல் லைசன்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் சரி. உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை மூலம் திறக்கப்பட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்தால், வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்று விற்ற கடையில் கேளுங்கள். 'ஒரிஜினல் விண்டோஸ்' என்று சொல்லி அதற்கும் காசு வாங்கியிருந்தால் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளையின் கட்டுரைக்கும் ஒப்படைக்கும் லிப்ரே ஒபிஸ் தாராளமாகப் போதும். இணையச் செலவில்லாமல் பென்ட்ரைவில் பதிந்துகொள்ள எந்த ஞாயிற்றுக்கிழமையும் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இளைஞர் அணித் தம்பிமார் போட்டுத் தருவார்கள்.

தோட்டத் தலைவர்களிடமும் தலைவிமார்களிடமும் ஒரு வேலை இருக்கிறது. தோட்டக் கமிட்டிக்காகக் கொமினிகேஷன் கடைகளில் அடித்த பழைய கடிதங்கள் பென்ட்ரைவிலோ சீடியிலோ உங்களிடம் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். உறையின் மேல் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதி, காரியாலயத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நகல் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவோம்.

இனி உங்கள் கேள்விகள். அதன் பிறகு வாக்கெடுப்பு.